இரண்டு மணி நேரம் யார் உட்காருவது?

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமான பேச்சு இது.

மறதிநோய் வந்த ஒரு பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் டாக்டர் வரிசையாகக் கேட்பார். ராத்திரி தூங்குறாங்களா, சாப்பிடுறாங்களா, கதவைத் திறந்துகிட்டு வெளியே போறாங்களா, ஒண்ணுக்கு ரெண்டுக்குச் சொல்றாங்களா. பதில் சொல்வது பக்கத்தில் நிற்கும் மருமகள். "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, ஊருக்குப் போகணும்னு கதவைத் தட்டுறாங்க சார்" என்பார். அந்த இரண்டு மணிக்கு அவரும் விழித்துத்தானே இருந்திருக்கிறார்? பாட்டிக்கு மாத்திரை எழுதியாகிறது. "நீ எத்தனை மணி நேரம்மா தூங்குற?" என்று மருமகளிடம் கேட்கிற டாக்டர் கிடைத்தால் அந்தக் குடும்பம் கொடுத்துவைத்தது. நான் பேச வந்தது அந்த மருமகளைப் பற்றித்தான். அது மகளாகவும் இருக்கலாம். மனைவியைக் குளிப்பாட்டித் தலை சீவிவிடுகிற எழுபத்தைந்து வயதுத் தாத்தாவாகவும் இருக்கலாம்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலை வைக்க மறந்துபோவது எல்லோருக்கும் வருகிற மறதி. உலை கொதித்துக்கொண்டிருக்க, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், ஐம்பது வருடம் சமைத்தவர் அடுப்பு முன்னால் திகைத்து நிற்கிறார் என்றால் அது டிமென்ஷியாவாக இருக்கக்கூடும். மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருவது. அல்சைமர் நோய் அதில் பெரும்பங்கு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லாமல் மூளையின் ரத்தக்குழாய்கள் கெட்டு வருவது இன்னொரு வகை. 2023-ல் வெளியான லாசி-டாட் ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் அறுபது வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் ஒருமுறையாவது டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, கீழே விழுந்து மண்டைக்குள் கட்டிய ரத்தம், மனச்சோர்வு இவையெல்லாம் டிமென்ஷியா போலவே வேஷம் போடும். கண்டுபிடித்தால் சரிசெய்யலாம்.

சரி, இந்த நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் அப்படி என்ன தனிக் கஷ்டம்? இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் மாமியாருக்கு மருமகள் கஞ்சி கொடுத்தால், ஒரு வாய் நல்ல வார்த்தை வரும். இங்கே வருவது வேறு. "எம் பாம்படத்தை எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்பார். மகள் கல்யாணத்துக்காக முப்பது வருடத்துக்கு முன்னால் அவரே விற்ற காது நகை அது. "இல்லத்தே, நீங்கதான வித்தீங்க" என்று விளக்கினால் சண்டை பெரிதாகும். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு முறையிடுவார். பொழுது சாயத் தொடங்கியதும், சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும், எங்கம்மா தேடுவா" என்று பரபரப்பார். சாயங்காலத்தில் அமைதி குலைவது இந்த நோயின் இயல்பு. ராத்திரி பகலாகும், பகல் ராத்திரியாகும். வேண்டுமென்று செய்வதில்லை, மூளை காட்டுகிற உலகம் அவருக்கு அப்படித்தான் இருக்கிறது. இது தெரிந்த மருமகளுக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். இப்படி ஒரு மாதம், ஆறு மாதம் என்றில்லை, பல ஆண்டுகள் ஓடும். நோய் முற்ற முற்ற வேலையும் கூடும்.

பார்த்துக்கொள்கிறவர் உடம்பு இதைத் தாங்குமா? அமெரிக்காவில் 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, நோயுற்ற கணவனையோ மனைவியையோ பராமரித்த முதியவர்களை நான்கு ஆண்டுகள் கவனித்தது. அந்தப் பொறுப்பால் நெருக்கடிக்கு ஆளானவர்கள் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தன் மாத்திரை தீர்ந்துபோனது ஞாபகம் வருவதில்லை. தூக்கித் தூக்கி முதுகு போகிறது. இதைவிட மோசம், பேச ஆள் இல்லாமல் போவது. கல்யாணம் காட்சிக்குப் போக முடியாது, வீட்டுக்கு வருகிறவர்களும் குறைந்துவிடுவார்கள்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததிலிருந்து சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துக் குடும்பங்களின் நேரத்தைத் தீப்பெட்டி ஆபீசும், பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையும்தான் தீர்மானிக்கின்றன. காலையில் கம்பெனி வேன் வரும். ஏறினால் கூலி, ஏறாவிட்டால் இல்லை. பெரும்பாலும் எண்ணிக்கைக்குக் கூலி. எத்தனை முடித்தாயோ அத்தனைக்குக் காசு. தீபாவளி நெருங்கும் மாதங்களில் வேலை குவியும். அந்த மாதங்களில் விட்டதைப் பிறகு பிடிக்க முடியாது. மாமியாருக்கு மறதி முற்றினால் முதலில் நிற்பது மருமகளின் சம்பாத்தியம். மகன் லாரியிலோ அச்சகத்திலோ இருப்பான். அவன் வேலை நிற்காது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வரலாம். நின்றுபோன கூலிக்கு அது எந்த மூலைக்கு? சில வீடுகளில் வேனில் ஏறுவதற்காகப் பாட்டியை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களைத் திட்டுவதற்கு முன்னால், அந்த வீட்டில் வேறு என்ன வழி இருந்தது என்று நான் கேட்பேன்.

பட்டாசு ஆலைக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மருந்து அறைக்குள் இத்தனை பேருக்கு மேல் கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் மருந்துக் கலவை வேலையை முடித்துவிட வேண்டும். உராய்வும் சூடும் நெருக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்த மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். மருந்துக்கு இடைவெளி வேண்டும் என்று கற்ற ஊர், மனுஷிக்கும் அது வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. சின்ன வீடு, நாள் முழுக்க ஒரே ஆள், ராத்திரியும் அதே ஆள்.

சொல்ல வாய் கூசுகிற ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2010-ல் விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயது முதியவர் ஒருவர், தன்னை என்ன செய்யப்போகிறார்கள் என்பது தெரிந்து வீட்டைவிட்டுத் தப்பி, உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்ததாகச் செய்தி வந்தது. தலைக்கூத்தல் என்ற பெயர் அப்போது நாடெங்கும் பரவியது. தென்மாவட்டத்துக் கிராமங்களில் படுக்கையில் விழுந்த முதியவர்களின் உயிரைக் குடும்பமே முடித்துவிடும் வழக்கம் அது. அதை மையமாக வைத்து எடுத்த 'பாரம்' படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. அது கொலை. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. சொத்துக்காக நடந்தவை உண்டு, வறுமையால் நடந்தவை உண்டு. ஆனால் மாதக்கணக்காகத் தூங்காத ஒருத்தி, உதவி கேட்க வாசல் ஒன்றுகூட இல்லாமல், "இதுக்கு ஒரு முடிவு வராதா" என்று நினைக்கத் தொடங்குகிற வீடுகளும் உண்டு. போலீஸ் கண்காணிப்பும் சட்டமும் தேவைதான். அந்த வீட்டுக்கு வாரத்தில் இரண்டு மதியம் ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருந்தால் அது போலீஸுக்கு முன்னால் போய்ச் சேருகிற உதவி.

அந்த உதவியைத்தான் மருத்துவத்தில் இளைப்பாறல் பராமரிப்பு என்கிறார்கள். நோயாளியை இன்னொருவர் பொறுப்பில் கொஞ்ச நேரம் ஒப்படைத்துவிட்டு, வழக்கமாகப் பார்க்கிறவர் விலகி இருப்பது. ஆள் வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். நோயாளியைப் பகல்நேர மையத்தில் விட்டுச் சாயங்காலம் அழைத்து வரலாம். ஒரு வாரம், பத்து நாள் என்று காப்பகத்தில் தங்கவைக்கலாம். சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் டிமென்ஷியாவுக்கென்று தனிப் பிரிவே நடத்துகிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற திருத்தங்கல்காரருக்கோ வெம்பக்கோட்டைக்காரருக்கோ அது தினசரி உதவி ஆகாது. பல முதியோர் இல்லங்கள், நடக்கிற, பேசுகிற, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிற முதியவரைத்தான் சேர்த்துக்கொள்ளும். மறதிநோய் என்றதும் தயங்கும். ஆகவே நம் பக்கத்தில் இன்றைக்கே நடக்கக்கூடியது முதல் வகைதான். வீட்டுக்கு ஓர் ஆள்.

அது யார் என்று கேட்டதும் வீடுகளில் எழுகிற முதல் யோசனை முறை வைப்பது. அம்மா பெரியவனிடம் ஒரு மாசம், சின்னவனிடம் ஒரு மாசம், மகளிடம் ஒரு மாசம். நான்கு பிள்ளை பெற்றவர்களுக்கு நம் ஊரில் காலங்காலமாக நடப்பது. புத்தி தெளிவாக இருக்கிற முதியவருக்கே மனசு கசக்கிற ஏற்பாடு இது; டிமென்ஷியா வந்தவருக்குப் பெரும் கேடு. மூளை புதிதாக எதையும் பதிந்துவைக்க முடியாத நிலையில், பழகிய சுவரும் பழகிய கட்டிலும்தான் அவருக்கு வழிகாட்டுகின்றன. கழிப்பறைக்கு இருட்டில் தடவியே போய்விடுவார். விருதுநகரிலிருந்து திருப்பூர் மகன் வீட்டுக்குக் கொண்டுபோனால் முதல் ராத்திரியே கழிப்பறை தெரியாது, கதவு தெரியாது, பேரப்பிள்ளைகள் அந்நியர்களாகத் தெரிவார்கள். அவர் பழகத் தொடங்கும்போது மாசம் முடிந்து அடுத்த வீடு. அதனால் அம்மா ஒரே வீட்டில் இருக்கட்டும், பார்த்துக்கொள்கிற ஆள் மாறி மாறி வரட்டும். முறையை ஒழிக்க வேண்டாம், திருப்பிப் போடுங்கள். தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும் காலத்தில் உள்ளூரில் இருப்பவர்களுக்குக் கை ஓய்ந்திருக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் தங்கள் முறையை அதற்கு முந்தைய நெருக்கடி மாதங்களில் வந்து பார்ப்பதுதான் நியாயம். வர முடியாதவர் பணம் அனுப்பலாம். "அம்மா செலவுக்கு" என்று பொதுவாக அனுப்பாமல், "செவ்வாயும் வெள்ளியும் வந்து உட்காருகிற அக்காவின் கூலி என்னுடையது" என்று பெயர் சொல்லி அனுப்பினால் அது வேறு எதிலும் கரையாது.

இதைக் கேட்பது மருமகளுக்குச் சுலபமா? இல்லை. "மதினி, உங்கம்மாவ நீங்களும் கொஞ்சம் பாக்கலாம்ல" என்று ஆரம்பித்தால் பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். "மதினி, வர்ற ஞாயித்துக்கிழம காலைல பத்துலருந்து ஒரு மணி வரைக்கும் நீங்க அத்தைகூட இருந்தீங்கன்னா நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவேன்" என்று நாளும் மணியும் சொல்லிக் கேட்டால் மறுப்பது கடினம். மனசில் வைத்துக்கொண்டு, அவர்களாகவே வரவேண்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம் நொந்துபோகிறார்கள். இது மருமகள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வியும் கிடையாது. தன் அக்கா தங்கச்சியிடம் வாய் திறந்து கேட்க வேண்டியவன் மகன்.

சொந்தக்காரர் யாரும் இல்லாவிட்டால் பக்கத்து வீடு, மகளிர் குழு, சர்ச்சு, கோயில் வழியாக ஒருவரைப் பிடிக்க வேண்டும். கூலி பேசிக் கொடுங்கள். முகதாட்சண்யத்துக்கு வருகிறவர் மூன்றாவது வாரம் வரமாட்டார், அது அவர் தப்பும் இல்லை. புது ஆளை வாசலில் நிறுத்திவிட்டு நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. முதல் சில தடவை நீங்களும் வீட்டிலேயே இருங்கள். அவர் கையால் காபி கொடுக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பழம்பாட்டுப் பாடட்டும். அப்புறம் தெருமுனை வரை போய்வாருங்கள். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம். ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே நேரம், அதே ஆளாக இருந்தால் நோயாளிக்கும் பழகும். பொழுது சாயும் நேரத்தைத் தவிர்த்து முற்பகலில் வைத்தால் புது ஆளுக்கு வேலை எளிது.

ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு. எதைக் கேட்டால் பயப்படுவார், எதைச் சொன்னால் அமைதியாவார். "பாம்படம் எங்கே என்று கேட்டால் வாதாட வேண்டாம், 'தேடிப் பார்ப்போம் பாட்டி' என்று கூடச் சேர்ந்து தேடவும்." விழுங்கச் சிரமப்படுகிறவராக இருந்தால் சாத்தூர் காராச்சேவு மாதிரி முறுமுறுப்பானதைக் கொடுக்கக் கூடாது, புரையேறிவிடும், பால்கோவா கொஞ்சம் கொடுக்கலாம், சர்க்கரை நோய் இல்லாவிட்டால். வாசல் தாழ்ப்பாள் கண் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். கேஸ் சிலிண்டரை மூடிவைக்க வேண்டும். வீட்டில் தீப்பெட்டி கைக்கு எட்டக் கூடாது. பட்டாசுத் திரியோ மருந்தோ வீட்டுக்குள் இருக்கவே கூடாது. வீட்டில் வைத்துப் பட்டாசு செய்வது சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம், டிமென்ஷியா நோயாளி இருக்கிற வீட்டில் அது எந்த நேரமும் உயிருக்கு ஆபத்து.

வந்து உட்காருகிறவர் அந்த நேரத்தில் என்ன செய்வது? இங்கே ஓர் அருமையான விஷயம் இருக்கிறது. காலையில் நடந்தது மறந்துபோகும். பேரன் பெயர் மறந்துபோகும். ஆனால் கை பழகிய வேலை வெகுகாலம் மறக்காது. மூளையில் அது வேறு வழியில் பதிவது. இன்றைக்கு எழுபது எண்பது வயதில் இருக்கும் இந்த வட்டாரத்துப் பாட்டிகள் பலர் சிறுமிகளாக இருந்தபோதே தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர்கள். படிக்க வேண்டிய வயதில் போனார்கள், அது அநியாயம்; ஆனாலும் அந்தக் கைகளில் அந்த வேகம் இன்னும் இருக்கிறது. மருந்து முக்காத வெறுங்குச்சியையும் ஒரு தட்டையும் முன்னால் வைத்தால் அவரே வரிசையாக அடுக்கத் தொடங்குவார். காலித் தீப்பெட்டிகளை அடுக்குவார். அருப்புக்கோட்டைப் பக்கம் நெசவுக் குடும்பத்துப் பாட்டி என்றால் நூல் சுற்றுவார். பூ கட்டுவது, புளி கொட்டை எடுப்பது, துணி மடிப்பது எதுவானாலும் சரி. தப்பாகச் செய்தால் திருத்த வேண்டாம். வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்தால் போதும். அரைமணி நேரம் ஒரு முகம் இறுக்கம் தளர்ந்து இருப்பதைப் பார்க்கிறவருக்கும் அது நிம்மதி.

"சரி, அவங்க வந்துட்டாங்க. அந்த ரெண்டு மணி நேரத்துல நான் தண்ணி பிடிச்சு, துணி துவைச்சு, ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்துரலாம்ல?" எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் குழு 2014-ல் இளைப்பாறல் பராமரிப்பு பற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, பராமரிப்பாளருக்குப் பெரிய பலன் என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. சோதனைகள் சிலவே, அவையும் சிறியவை என்றது அந்த அறிக்கை. இதை மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெறுமனே சில மணி நேரத்தைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. அந்த நேரம் எதற்கு என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும், அது உங்களுக்கானதாக இருக்க வேண்டும், வாராவாரம் வர வேண்டும். தூக்கம்தான் முதல் தேவை என்றால் பக்கத்து வீட்டில் போய்ப் படுங்கள். சொந்த வீட்டில் படுத்தால் காது அவர் குரலிலேயே இருக்கும். உங்கள் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பராசக்தி மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பழைய சினேகிதியோடு பஜாரில் நடந்து ஒரு புரோட்டா சாப்பிட்டுவிட்டு வாருங்கள். "பெத்த தாயப் பாக்க ஆள் வச்சுட்டு ஊர் சுத்துறா" என்று யாராவது சொல்லுவார்கள். சொல்லுகிறவரிடம் அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் வந்து உட்காரச் சொல்லுங்கள்.

ஓய்வோடு சேர்த்து விஷயம் தெரிந்த ஒருவரின் துணையும் கிடைத்தால் பலன் பெரிது. கோவாவில் ஒரு சோதனை நடத்தினார்கள், 2008-ல் வெளியானது. டிமென்ஷியா நோயாளி உள்ள 81 குடும்பங்கள். உள்ளூர் ஆட்களுக்கே குறுகிய பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் வீடு வீடாக அனுப்பினார்கள். நோய் என்ன என்று விளக்குவது, கோபத்தையும் சந்தேகத்தையும் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தருவது, அரசு உதவிக்கு வழிகாட்டுவது, பராமரிப்பாளர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது, இவ்வளவுதான் அவர்கள் செய்தது. மனநல மருத்துவரும் பின்னால் துணை இருந்தார். பராமரிப்பாளர்களின் மன ஆரோக்கியம் தெளிவாக மேம்பட்டது. நியூயார்க்கில் 406 கணவன்மார், மனைவிமார்களுக்கு ஆலோசனையும் குழு ஆதரவும் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளியை இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை சராசரியாக ஒன்றரை ஆண்டு தள்ளிப்போனது. பார்த்துக்கொள்கிறவரைத் தாங்கினால் நோயாளி சொந்த வீட்டில் அதிக காலம் இருக்கிறார். அதனால்தான் இந்த ஓய்வை நான் நோயாளியின் சிகிச்சைக் கணக்கில் எழுதச் சொல்கிறேன்.

எல்லை தாண்டினால் கேரளம். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், பக்கத்துத் தெருக்காரர்களையே பயிற்சி கொடுத்துத் தொண்டர்களாக்கி, படுத்த படுக்கையானவர்களின் வீடுகளுக்கு அனுப்பியது. 2008-ல் மாநில அரசே அதைக் கொள்கையாக ஏற்றது. டிமென்ஷியா நோயாளிகளின் குடும்பங்களுக்காக 1992-ல் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ அமைப்பு பிறந்ததும் அங்கே குன்னங்குளத்தில்தான். சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்கிறோமே, பெரிய ஜப்பானில் 2000-லிருந்து முதியோர் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு இருக்கிறது. நாற்பது வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். காலையில் வேன் வந்து முதியவரை ஏற்றிக்கொண்டு பகல்நேர மையத்துக்குப் போகிறது. குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறது. அவசரத்துக்குச் சில நாள் தங்கவைக்கவும் இடம் உண்டு.

நமக்கு இப்போதைக்கு இருக்கிற வாசல்களைச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நோயை உறுதிப்படுத்திக்கொள்ளப் போக வேண்டிய இடம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் விழுந்தவருக்கு நோய்த் தணிப்பு சிகிச்சைக்கும் பிசியோதெரபிக்கும் ஆள் வருகிறார்கள். வருகிற சுகாதாரத் தன்னார்வலரிடம் பாட்டியின் மறதியையும் சொல்லுங்கள், உங்கள் தூக்கமின்மையையும் சொல்லுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஐசப்போர்ட் பயிற்சிக் கையேட்டில் 23 பாடங்கள். அதில் ஒரு பகுதி முழுக்க, பார்த்துக்கொள்கிறவர் தன்னைப் பார்த்துக்கொள்வதற்கானது. படித்த பிள்ளைகள் இறக்கிப் படித்து அம்மாவுக்குச் சொல்லலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பாட்டிமேல் கை ஓங்கிவிட்டீர்கள், அல்லது "இவங்க போய்ச் சேர்ந்தா நல்லாருக்கும்", "நான் போய்ச் சேர்ந்தா நல்லாருக்கும்" என்று திரும்பத் திரும்பத் தோன்றுகிறது என்றால், பக்கத்தில் இருக்கிற யாரிடமாவது அவரை ஒப்படைத்துவிட்டு அன்றைக்கே 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இப்படித் தோன்றுவதால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. உடம்பும் மனசும் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டன, அவ்வளவுதான்.

கடைசியாக, ஆலை முதலாளிகளுக்கும் பஞ்சாயத்துக்கும் அரசுக்கும் ஒரு கோரிக்கை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் பிறகு வந்த திருத்தமும், முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று வைத்தன. வேலைக்கு வருகிற பெண்ணின் கையில் ஒரு குழந்தை இருக்கும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அவள் கையில் ஒரு மாமியாரும் இருக்கிறார். 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை கொடுக்கிற அரசு, வீட்டு வேலையும் வேலைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த வேலைக்கு விடுப்பும் உண்டு என்பதை அடுத்து ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. ஆலைகளைவிட்டுத் தள்ளி, ஊருக்குள்ளேயே, தரைத்தளத்தில் காற்றோட்டமான ஒரு கூடம். வழுக்காத தரை, கைப்பிடி வைத்த கழிப்பறை, உயரத்தில் தாழ்ப்பாள். பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள், நியாயமான சம்பளத்தோடு. மதியம் குழைவான சாப்பாடு, படுக்க நான்கைந்து கட்டில், மாதம் ஒருமுறை வந்து பார்க்க மனநலத் திட்டத்து டாக்டர். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பத்துப் பேர் வந்தால்கூடப் பத்துக் குடும்பங்களில் ஒரு கூலி திரும்பக் கிடைக்கும். ஆபீஸ் நேரப்படி காலை பத்து மணிக்குத் திறந்தால் மட்டும் அது யாருக்கும் பயன்படாது. கம்பெனி வேன் வருவதற்கு முன்னால், ஆறரைக்கே திறந்திருக்க வேண்டும்.